இடப்பக்கம் கவனத்துக்கு வராத ஸ்ட்ரோக் நோயாளி: மலை வீட்டில் பயிற்சியை எப்படி அமைப்பது?

கேள்வி: கோத்தகிரி பிசியோ

வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் இருக்கும் நோயாளி பற்றிய கேள்வி. 61 வயது அம்மா, வலக்கைப் பழக்கம். வலப்பக்க நடுப் பெருமூளைத் தமனியில் அடைப்பு வந்து 7 வாரம் ஆகிறது. இடது கால் ஓரளவு தேறிவிட்டது. கைத்தடியும் கூட ஒரு ஆளும் இருந்தால் வீட்டுக்குள் நடக்கிறார். இடது கையில் விரல்களைக் கொஞ்சம் மடக்க வருகிறது, தோள் எழும்பவில்லை. பேச்சில் குறை இல்லை.

சிக்கல் இடப்பக்கக் கவனத்தில்தான். தட்டின் இடது பாதியில் சோறு அப்படியே கிடக்க, இன்னும் போடச் சொல்கிறார். ரவிக்கையின் இடது கையை மாட்டாமலேயே எழுந்து வருகிறார். வாசல்படியில் இடது தோள் இடிக்கிறது. 20 செ.மீ. கோட்டை நடுவில் வெட்டச் சொன்னால் 3.5 செ.மீ. வலப்புறம் தள்ளி வெட்டுகிறார். சின்ன நட்சத்திரங்களை மட்டும் தேடி அடிக்கும் நட்சத்திரத் தாளில் 54இல் 22ஐ மட்டும் அடித்தார், அத்தனையும் வலது பாதியில். விரல் அசைவுச் சோதனையில் இடப்பக்கம் மட்டும் அசைத்தால் சில நேரம் பிடிக்கிறார். இரு பக்கமும் சேர்த்து அசைத்தால் வலது மட்டும்தான்.

வீட்டார் இதைக் கண் புரை என்று நினைக்கிறார்கள், கண்ணாடி மாற்றினால் போதும் என்கிறார்கள். நான் வாரம் ஒரு முறைதான் போக முடியும். மற்ற நாட்களில் பயிற்சி கொடுக்கப்போவது மருமகள். அவர் காலை 7.30க்குக் கொழுந்து எடுக்கப் போய் மாலை வருகிறவர். பகலில் மாமனார் துணை.

நான் கேட்க நினைப்பது: இது பார்வைப் புல இழப்பா (அந்தப் பக்கம் கண்ணுக்கே தெரியாதது), கவனக் குறைபாடா (தெரிந்தும் கவனம் அங்கே போகாதது), இரண்டும் சேர்ந்ததா என்று வீட்டிலேயே எப்படிப் பிரிப்பது? மருமகளுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது? காட்சியை ஒரு பக்கம் நகர்த்திக் காட்டும் பிரிசம் கண்ணாடிக்கு அலைவது பயன் தருமா? சாலையிலிருந்து வீட்டுக்கு 19 கல்படி இறங்க வேண்டும். இறங்கும்போது இடப்பக்கம் தடுப்பே இல்லாத சரிவு. அதை எப்போது, எப்படிப் பழக்குவது?

பதில்: குன்னூர் ஓ.டி.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (ஓ.டி.) என்ற முறையில் சொல்கிறேன். முதலில் பிரித்தறிவது. நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. பார்வைப் புலம் மட்டும் போனவர், அதாவது ஹெமியனோபியா மட்டும் உள்ளவர், சில நாட்களிலேயே தலையை அந்தப் பக்கம் திருப்பித் தேட ஆரம்பித்துவிடுவார். குறை இருப்பது அவருக்கே தெரியும். கோட்டை வெட்டச் சொன்னால் பார்வை போன பக்கமாகவே, இடப்புறமே, கொஞ்சம் தள்ளி வெட்டுவார். இந்த அம்மா வலப்புறம் தள்ளி வெட்டுகிறார், தேடவும் இல்லை. இரு பக்கமும் அசைத்தால் இடது மறைந்துபோவதும் கவனக் குறைபாட்டின் அடையாளம்தான். ஆனால் ஒற்றை விரலையும் சில நேரம் தவறவிடுகிறார் என்பதால் புல இழப்பும் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

அதைப் பிரிக்க ஒரு சோதனை. உடம்பு நேராக இருக்கட்டும். கண்ணையும் தலையையும் 30 டிகிரி போல வலப்புறம் திருப்பி ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது அவருடைய இடப்பார்வைப் புலம் உடம்பின் நடுக்கோட்டுக்கு அருகிலோ அதற்கு வலப்புறமோ வந்து விழும். அங்கே விரலை அசையுங்கள். நேராகப் பார்க்கும்போது தவறவிட்டதை இப்போது பிடித்தால் கோளாறு கவனத்தில். இப்போதும் தெரியவே இல்லையென்றால் புலம் போயிருக்கிறது. கண் மருத்துவரிடம் பெரிமெட்ரி (பார்வைப் புலத்தை அளக்கும் சோதனை) எடுக்க அனுப்புங்கள். அனுப்பும் சீட்டில் இடப்பக்கப் புறக்கணிப்பு, அதாவது இந்தக் கவனக் குறைபாடு, இருக்கிறது என்று எழுதாவிட்டால், கவனம் போகாததையும் அந்த இயந்திரம் பார்வை இழப்பு என்றே வரைந்து தரும்.

தாள் சோதனையோடு நிறுத்தாதீர்கள். தாளில் தேறியவர் அடுப்படியில் கோட்டை விடுவார். கேத்தரின் பெர்கேகோ அளவுகோல் இதற்கு ஏற்றது: முகம் கழுவுவது, இடது கையைச் சட்டையில் நுழைப்பது, தட்டின் இடப்பக்கம் சாப்பிடுவது, நடக்கும்போது இடிப்பது என 10 இனங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. 10 வரை லேசானது, 20 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. மருமகளைக் கேட்டு ஒரு மதிப்பெண், அந்த அம்மாவையே கேட்டு இன்னொரு மதிப்பெண். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் தன் குறையை அவர் எவ்வளவு உணரவில்லை என்பதற்கு அளவு. பயிற்சி எங்கே தொடங்க வேண்டும் என்பதையும் அதுவே சொல்லிவிடும்.

இனி பயிற்சி. வீட்டார் முதலில் நிறுத்த வேண்டியது "இடது பக்கம் பாருங்க, இடது பக்கம் பாருங்க" என்ற ஓயாத ஏவல். அவர் பார்க்கத்தான் செய்வார். தனக்குத் தெரிகிற உலகத்தின் இடது ஓரம் வரை, அதாவது உண்மையில் நடுவரை, போய் நின்றுவிட்டு "பார்த்தேனே" என்பார். அதனால் திசையைச் சொல்லாமல் இலக்கைக் கொடுக்க வேண்டும். மேசையின் இடது விளிம்பில் இரண்டு அங்குல அகலச் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். "சிவப்பு தெரியுற வரைக்கும் தலையைத் திருப்புங்க, தெரிஞ்சதும் 'சிவப்பு'னு சொல்லுங்க, அப்புறம் அங்கேருந்து ஆரம்பிங்க." இதுதான் நங்கூரம். எதைத் தேடினாலும் தொடக்கம் அங்கேதான்.

கருவிக்கு எங்கும் அலைய வேண்டாம், பல்லாங்குழி போதும். இரண்டு வரிசையில் 14 குழி, இடமும் வலமும் நீண்டு கிடக்கும் பலகை. நடுக்குழி அவர் மூக்குக்கு நேரே வரும்படி வைத்து, நகராமல் அடியில் ஈரத்துணி போடுங்கள். இல்லாவிட்டால் அவர் தன்னையறியாமல் பலகையை வலப்புறம் இழுத்து வைத்துக்கொள்வார், பயிற்சியே வீணாகும். முதல் வாரம் நான்கைந்து குழியில் மட்டும் ஒவ்வொரு புளியங்கொட்டை. சிவப்பைத் தொட்டுவிட்டு இடமிருந்து வலமாக, ஒவ்வொரு குழியையும் எண் சொல்லிக்கொண்டே எடுக்க வேண்டும். எண்ணுவது வேகத்தைக் குறைக்கத்தான். இவர்களுக்கு வலப்புறம் தாவிவிடும் அவசரம் உண்டு. ஒன்றும் விடாமல் எடுப்பது மூன்று நாள் தொடர்ந்தால் குழிகளைக் கூட்டுங்கள். பிறகு கொட்டையும் சோழியும் கலந்து போட்டு, சோழியை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். கூட்டம் அடர்ந்தால் தவறும் கூடும். அப்போது ஒரு படி இறங்க வேண்டும். டேப்பையும் சேர்த்தே மெலியவிடுங்கள்: முழு அகலம், பிறகு பாதி, பிறகு ஒரு புள்ளி, பிறகு ஒன்றுமில்லை. டேப் இல்லாமல் அவரே ஓரத்தைத் தேடிப் போவது வரும் வரை வேலை முடியவில்லை.

வலப்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். ஜன்னல், டிவி, பேரப்பிள்ளை எல்லாம் வலப்பக்கம் இருந்தால் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், பிய்க்க முடியாது. வலத்தோள் சுவரோரமாக வரும்படி உட்காரவையுங்கள். பேசுகிறவர் முதலில் நேர் எதிரே உட்கார்ந்து, அவர் முகம் பார்த்துப் பேச ஆரம்பித்த பின் கொஞ்சம் கொஞ்சமாக இடப்புறம் நகரட்டும். எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் இடப்பக்கம் வைத்துவிடுவது தவறு. தண்ணீர்ச் செம்பு, ஆளைக் கூப்பிடும் மணி, மாத்திரை மூன்றும் எப்போதும் வலப்பக்கம்தான்.

நேரம்: ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடமாக மூன்று வேளை. காலையில் மருமகள் போகும் முன் ஒன்று, பகலில் மாமனாரோடு ஒன்று, மாலையில் ஒன்று. சாப்பிட்ட உடனே வைக்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் இடப்பக்கம் இன்னும் சுருங்கும். மருத்துவமனையில் முறையாகக் கொடுக்கும் தேடல் பயிற்சி வாரம் ஐந்து நாள் வீதம் 40 அமர்வுகள் வரை போவது உண்டு. ஆகவே இரண்டு வாரத்தில் "பலன் இல்லை" என்று வீட்டார் கைவிடாதபடி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தானாகத் தேறுவதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில் நடக்கும். 7 வாரம் என்பது நல்ல நேரம்.

விரல் மடங்குகிறது என்றீர்களே, அதை விடாதீர்கள். ஒவ்வொரு முறை தேடத் தொடங்கும் முன்பும் இடது கையை உடம்பின் இடப்பக்கமே மேசைமேல் வைத்து, விரலை மூன்று நான்கு முறை மடக்கி நீட்டட்டும். இடது கை இடது வெளியில் அசைந்தால் அந்தப் பக்கக் கவனம் ஏறுகிறது. அசைவு எவ்வளவு சின்னதானாலும் சரி. ஒரு நிபந்தனை: அந்த நேரத்தில் வலது கை சும்மா இருக்க வேண்டும். இரண்டு கையும் சேர்ந்து அசைந்தால் அந்த ஆதாயம் போய்விடும். இரு கை கோத்துத் தூக்கும் பயிற்சியை வேறு வேளைக்கு வையுங்கள்.

பதில்: ஊட்டி ஆப்டோமெட்ரிஸ்ட்

புரை பற்றி வீட்டாருக்கு ஒரே வரியில் சொல்லலாம்: புரை விழுந்தால் தட்டு முழுவதும் மங்கும், பாதித் தட்டு மறையாது. அதற்காகக் கண் பரிசோதனையே வேண்டாம் என்று ஆகாது. பவர் சரியில்லாத கண்ணோடு தேடல் பயிற்சி செய்தால் சீக்கிரம் களைப்பு வரும். ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: அவரிடம் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடியான பைஃபோகலோ புரோகிரஸிவோ இருந்தால் படியிறங்கும்போது அது வேண்டாம். கீழ்ப்பகுதிப் பவர் அருகில் பார்ப்பதற்கானது, படி விளிம்பை மங்கலாக்கும். நடப்பதற்கென்று தூரப் பவர் மட்டும் போட்ட தனிக் கண்ணாடி ஒன்று போதும்.

பிரிசம் விஷயத்தில் இரண்டு வகையை மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, போட்டுக்கொண்டு பயிற்சி செய்து கழற்றிவிடுவது. இரு கண்ணிலும் பிரிசத்தின் அடிப்பாகம் இடப்புறம் இருக்க வேண்டும். உலகம் 10 டிகிரி வலப்புறம் நகர்ந்து தெரியும். பிரிசத்தின் அளவலகில் 10 டிகிரிக்கு ஏறக்குறைய 17.5 பிரிசம் டயாப்டர். எதிரே மேசையில் நடுவிலிருந்து இடமும் வலமுமாக இரண்டு புள்ளி. தாடைக்குக் கீழே ஒரு அட்டை வைத்துக் கையின் தொடக்கப் பாதையை மறைத்து, விரல் நுனி கடைசியில் மட்டும் தெரியும்படி செய்து, புள்ளியைச் சட்டென்று தொடச் சொல்ல வேண்டும். முதல் சில முறை வலப்புறம் தவறும், பிறகு திருந்தும். 50 முதல் 90 முறை. கழற்றியதும் கண்ணை மூடி நேர் எதிரே சுட்டச் சொன்னால் விரல் இடப்புறம் போக வேண்டும். போனால் மூளை அந்த நகர்வுக்குத் தன்னைத் தகவமைத்திருக்கிறது. போகவில்லையென்றால் அன்றைக்குச் செய்தது வெறும் விரல் நீட்டல்தான். வழக்கமான காரணம், கையை மெதுவாக நகர்த்திக் கண்ணாலேயே வழிதிருத்திக்கொண்டு தொடுவது. வேகமும் அந்த அட்டையும் அதைத் தடுக்கத்தான். அடிப்பாகம் வலப்புறம் மாறிப் பொருத்தப்பட்டால் பலன் நேர்மாறாகும். அதனால் முதல் தவறு எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்காமல் தொடரவே கூடாது.

1998இல் ரொசெட்டி குழு 'நேச்சர்' இதழில் எழுதியபோது ஒரே அமர்வின் பலன் 2 மணி நேரம் நின்றது. 2002இல் பிராசினெட்டி குழு தினம் இரு வேளையாக இரண்டு வாரம் கொடுத்தபோது 5 வாரம் வரை நின்றது. அதன்பிறகு வந்த ஆய்வுகள் ஒன்றுபோல் இல்லை. 2021இல், ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் தொகுப்பு, பிரிசம் உட்பட மருந்தில்லாத எந்த முறையும் அன்றாட வேலைகளில் நிலைத்த பலன் தரும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை என்றது. என் கருத்து: தெரிந்த தெரபிஸ்ட் பக்கத்தில் இருந்து, நோயாளியால் 20 நிமிடம் உட்கார்ந்து சுட்ட முடிந்தால் செய்து பார்க்கலாம், தீங்கில்லை. அதற்காக வாரம் ஐந்து நாள் வளைவுச் சாலையில் பேருந்தேற்றிக் களைப்பில் பயிற்சியையே இழக்கவைப்பது வீண்.

இரண்டாவது வகை, ஹெமியனோபியாவுக்காகக் கண்ணாடியிலேயே ஒட்டுவது. 40 பிரிசம் டயாப்டர் பிரெனெல் துண்டுகளை (மெல்லிய பிளாஸ்டிக் பிரிசம்) ஒரு கண்ணில் மட்டும், மேலும் கீழுமாக, நடுப்பார்வையை விட்டு ஒட்டுவார்கள். இடப்பக்கத்திலிருந்து வருவது அதில் எட்டிப்பார்க்கும். கவனமே போகாதவருக்கு அது வெறும் குழப்பம். பெரிமெட்ரி பார்க்காமல் யாராவது இதை விற்க வந்தால் வாங்காதீர்கள்.

பதில்: பர்லியார் கேர்கிவர்

வலது கண்ணை மூடி ஒட்டிவிட்டால் இடது கண் வேலை செய்து இடப்பக்கம் தெரியும் என்று எங்கள் பக்கம் செய்கிறார்கள். பிரிசத்தை விட மலிவு. அதைச் சொல்லவில்லையே?

பதில்: ஊட்டி ஆப்டோமெட்ரிஸ்ட்

சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. இடது கண்ணுக்கு இடது உலகம், வலது கண்ணுக்கு வலது உலகம் என்று இல்லை. ஒவ்வொரு கண்ணும் இரு பக்கத்தையும் பார்க்கிறது. ஆய்வில் ஓரளவு பலன் காட்டியது, இரு கண்ணாடி வில்லைகளிலும் வலது பாதியை மட்டும் மறைப்பது. வலப்பக்கக் கவர்ச்சி குறைந்து பார்வை இடப்புறம் போகிறது. அதை உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரு கண்ணை முழுவதும் மூடினால் ஆழம் தெரியாது. அந்தக் கோலத்தில் கல்படியில் இறக்கிவிடாதீர்கள்.

பதில்: மலைப்படி பிசியோ

படிக்கு வருகிறேன். முதலில் ஒன்றை உறுதி செய்யுங்கள்: உட்காரும்போதோ நிற்கும்போதோ நல்ல வலது கையால் தன்னையே இடப்புறம் தள்ளுகிறாரா? நீங்கள் நேராக்கினால் எதிர்க்கிறாரா? அப்படியென்றால் அவருடைய 'நேர்' எது என்பதே சாய்ந்திருக்கிறது. அது தீரும் வரை வெளிப்படி கிடையாது. கதவு நிலையைக் காட்டி, அதற்கு இணையாக உடம்பை நிறுத்தப் பழக்குவதுதான் அப்போது வேலை.

அது இல்லையென்றால் வரிசை இப்படி: வீட்டுக்குள் இடிக்காமல் நடப்பது, பிறகு ஒரே ஒரு படி, பிறகு மூன்று, கடைசியில் 19. படிக்குத் தயாரா என்பதற்கு நான் வைக்கும் அளவு, வீட்டின் எல்லா வாசலிலும் யாரும் சொல்லாமலே இடது நிலைச்சட்டத்தைப் பார்த்துவிட்டுக் கடப்பது. ஒவ்வொரு நிலையிலும் இடப்புறம் கண் மட்டத்தில் சிவப்பு டேப் ஒட்டினால் மேசையில் கற்ற அதே வழக்கம் இங்கேயும் ஓடும்.

கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும். இறங்கும்போது வலது கைக்கு மலைப்பக்கச் சுவர் இருக்கிறது, சரி. ஏறி வரும்போது அதே சுவர் இடப்பக்கம், பலவீனமான கைக்குப் போய்விடும். வலது கை வெற்றுச் சரிவின் பக்கம். ஒரு பக்கம் மட்டும் பைப் போட்ட வீடுகளில் இறங்கியவர் ஏற முடியாமல் தவிப்பது இதனால்தான். பிடிக்கத் தோதான குறுக்களவு 38 முதல் 45 மி.மீ.; கடையில் ஒன்றேகால் அங்குல ஜிஐ பைப் என்று கேட்டால் வெளிக்குறுக்கு 42 மி.மீ. வரும். படி விளிம்பிலிருந்து 85 முதல் 90 செ.மீ. உயரம். முதல் படிக்கு முன்னும் கடைசிப் படிக்குப் பின்னும் 30 செ.மீ. நீண்டிருக்க வேண்டும், விழுவது பெரும்பாலும் அந்த முதல், கடைசிப் படியில். சரிவுப் பக்கம் முழங்கால் உயரத்தில் இன்னொரு குறுக்குப் பைப்பும் போடுங்கள், தடி நழுவிப் போகாது. மார்கழி, தை உறைபனிக் காலையில் ஜிஐ பைப்பைப் பிடிக்க முடியாமல் கையை எடுத்துவிடுவார்கள். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டிச் சுற்றினால் குளிராது, வழுக்காது.

ஒவ்வொரு படி விளிம்பிலும் 5 செ.மீ. மஞ்சள் பட்டை, அகலம் முழுவதும். இடது ஓரத்தில் மட்டும் அது சிவப்பாகட்டும், அவர் தேட வேண்டிய நிறம் அதுதானே. உயரம் மாறுபடும் படிகள் கல்படியில் இரண்டு மூன்றாவது இருக்கும். அவற்றுக்கு இரட்டைப் பட்டை. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் கூடுதல். அதற்கு முன்பே பாசியை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிட வேண்டும், மறுபடி பச்சை தெரியும்போதெல்லாம் தேய்க்க வேண்டும். மூடுபனி இறங்கியிருந்தால் அன்று படி இல்லை: பட்டையின் நிறமே சாம்பலாகும், உள்ளே பழக்கிய அடையாளம் எதுவும் வெளியே கிடைக்காது.

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான இடது கால் முதலில். ஆனால் இந்த நோயாளியிடம் இன்னொன்று: இடது காலை வைத்துவிட்டு அது படியில் முழுதாக அமர்ந்ததா என்று பார்க்கமாட்டார். பாதி வெளியே தொங்கும். எனவே இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் "தடி, இடது, பாரு, வலது" என்று அவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'பாரு' என்னும்போது கண் இடது பாதத்துக்குப் போக வேண்டும். துணை ஆள் இறங்கும்போது ஒரு படி கீழே, அவருடைய இடப்புறம்; ஏறும்போது ஒரு படி கீழே பின்னால், அப்போதும் இடப்புறம். கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அக்குளிலும் கை கொடுக்கக் கூடாது; தளர்ந்த தோள் மூட்டு இறங்கிவிடும். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள். புடவைக் கொசுவத்தைப் பிடித்தால் அவிழும்.

படியில் இருக்கும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. மேலே சாலையிலிருந்து தெரிந்தவர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் போதும், பதில் சொல்லும் அந்த நொடியில் இடப்பக்கம் அவருக்கு மறைந்துபோகும். அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி வையுங்கள். அந்தி சாய்ந்தபின் வெளியே நடை வேண்டாம். தோட்டத்துப் பாதையில் காட்டெருமை இடப்புறம் நின்றால் அவர் பார்க்கவேமாட்டார்.

கேள்வி கேட்டவர்: கோத்தகிரி பிசியோ

மிக்க நன்றி. தள்ளும் பழக்கம் இல்லை. மருமகள் சொல்லும் இரண்டு சிக்கல் மிச்சம். ஒன்று, "எனக்கு ஒண்ணுமில்ல, நீங்கதான் பாதித் தட்டுல சோறு போடுறீங்க" என்று அந்த அம்மா சண்டை போடுகிறார். பயிற்சியே வேண்டாம் என்கிறார். இரண்டு, செய்தித்தாள் படிப்பதில் ஆர்வம் உண்டு, ஆனால் வரியை நடுவிலிருந்து படித்துவிட்டு "ஒண்ணும் புரியல" என்று போட்டுவிடுகிறார். அடுப்படிக்கு எப்போது விடலாம் என்றும் கேட்கிறார்.

பதில்: குன்னூர் ஓ.டி.

சண்டைக்கு எதிர்வாதம் மருந்தில்லை. பிடிவாதமும் இல்லை அது; மூளையில் அடிபட்ட இடத்தின் விளைவு. மருமகளிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள், பாதிச் சண்டை குறையும். பயிற்சியில் 'முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்' முறையைக் கொண்டுவாருங்கள். "14 குழியில எத்தனை எடுப்பீங்க?" "பதினாலும்." எடுத்து முடித்ததும் நீங்கள் எதுவும் சொல்லாமல், எடுத்ததை அவரையே எண்ணச் சொல்லுங்கள். ஒன்பதுதான் இருக்கும். மீதியைத் தேட அவரே திரும்புவார். தவறை நாம் சுட்டுவதற்கும் எண்ணிக்கை சுட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு.

இன்னொரு வழி வீடியோ. அவர் சாப்பிடுவதை எதிரே இருந்து போனில் எடுத்து, பிறகு போனை அவருடைய வலப்பக்கம் வைத்துக் காட்டுங்கள். நேரில் இடப்பக்கம் இருந்ததால் தெரியாத சோறு, இப்போது திரை முழுவதும் வலப்பக்கம் இருப்பதால் தெரியும். செல்ஃபி கேமராவில் எடுக்காதீர்கள், சில போன்களில் இடவலம் மாறிப் பதிவாகும். தனியாக, நல்ல மனநிலையில் இருக்கும்போது காட்டுங்கள். உறவினர் முன்னால் போட்டுக் காட்டினால் அவமானமாகிவிடும், அப்புறம் உங்களை வீட்டுக்குள்ளேயே விடமாட்டார்.

தட்டைத் திருப்பி வைப்பது பற்றி: மாமனார் பரிவில் ஒவ்வொரு வேளையும் தட்டைத் திருப்பித் தருகிறார் என்றால் வயிறு நிறையும், பழக்கம் வராது. தட்டின் இடது விளிம்பில் அவருக்குப் பிடித்த ஊறுகாயையோ பொரியலையோ வைத்து, "வச்சிருக்கேன், தேடுங்க" என்று சொல்லிவிட்டுப் பொறுத்திருக்கட்டும். வேளைக்கு ஒரு தேடல் போதும். தேடிக் களைத்தபின் திருப்பிக் கொடுக்கலாம். பட்டினி போடச் சொல்லவில்லை.

படிப்பு. செய்தித்தாள் வேண்டாம், பத்தி பத்தியாக இருப்பதால் இடது ஓரம் எது என்றே பிடிபடாது. பெரிய எழுத்தில் ஒரே பத்தியாக, வரிக்கு மூன்று நான்கு சொல், வரிகளுக்கு இடையே நல்ல இடைவெளி. இடது ஓரம் நெடுகத் தடித்த சிவப்புக் கோடு. வரிக்குக் கீழே ஸ்கேல். இடது கைவிரலைக் கோட்டின் மேல் வைத்துவிட்டால் கையும் நங்கூரமாகும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் எண் போட்டு, அதை உரக்கச் சொன்ன பிறகே சொல்லைப் படிக்க வேண்டும். எண் சொல்லவில்லையென்றால் ஓரத்துக்குப் போகவில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

தமிழில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது கொம்பு. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு இடப்புறம் நிற்கின்றன. சொல்லின் முதல் கொம்பு தவறினால் 'கொடு' 'காடு' ஆகும், 'மோர்' 'மார்' ஆகும், 'தோள்' 'தாள்' ஆகும். படித்தது ஒரு சரியான சொல்லாகவே இருப்பதால் கேட்கிறவருக்கும் தவறு தெரியாது, வாக்கியம் மட்டும் பொருந்தாமல் நிற்கும். அதனால் பயிற்சித் தாளில் இப்படிப்பட்ட இணைச் சொற்களை வேண்டுமென்றே கலந்து எழுதுங்கள். எத்தனை கொம்பு விட்டார் என்ற கணக்கு, வாராவாரம் ஒப்பிட எளிய அளவு.

அடுப்படி: பெர்கேகோ மதிப்பெண் 10க்குக் கீழே வந்து, பல்லாங்குழியை டேப் இல்லாமல் முடித்த பிறகு. அதுவரை உட்கார்ந்து காய் ஆய்வது, பருப்பில் கல் பொறுக்குவது. முறத்தின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டினால் அதுவே நல்ல பயிற்சி. பிறகு கேஸ் அடுப்பில் வலது பர்னர் மட்டும், கூட ஆள் இருக்கும்போது. இடது பர்னரின் திருகை வெளியிலிருந்து கழற்றி எடுத்துவிடுங்கள். எரிவதை மறப்பது ஒரு ஆபத்து, முந்தானை இடப்பக்கம் தொங்குவது அதைவிடப் பெரிய ஆபத்து.

மலையில் இன்னொன்று. குளிர்காய வைக்கும் கரிச்சட்டியும் குளிக்கும் வெந்நீரும். இடது கையில் உணர்ச்சியும் குறைந்து கவனமும் இல்லாவிட்டால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். கரிச்சட்டி அவருக்கு எதிரே ஒரு கை தூரத்துக்கு அப்பால் இருக்கட்டும், இடப்பக்கம் ஒருபோதும் வேண்டாம். வெந்நீரை வலது கையால் தொட்டுப் பார்த்தபின் ஊற்ற வேண்டும். இடது கை எங்கே இருக்கிறது என்று உட்காரும்போதெல்லாம் தேடி எடுத்து மடியில் வைக்கப் பழக்குங்கள். நாற்காலிக் கைக்கும் உடம்புக்கும் நடுவே நசுங்கிக் கிடப்பது அடிக்கடி நடக்கும்.

பதில்: மலைப்படி பிசியோ

ஒரு சேர்க்கை. தேறிக்கொண்டு வந்தவருக்கு ஓரிரு நாளில் இடப்பக்கம் மறுபடி சுருங்கினால் பயிற்சியைக் கூட்டாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை மூன்றும் இதைச் செய்யும். திடீரென்று நிமிடங்களில் மாறினால், முகம் கோணினால், பேச்சு குழறினால் அடுத்த ஸ்ட்ரோக் என்றே கொண்டு 108. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு மொத்தமே நாலரை மணி நேரம். அதில் படியேறிச் சாலைக்கு வருவதும் மலைப்பாதைப் பயணமும் ஸ்கேனும் அடக்கம். இவரைப் படியில் நடத்தியே ஏற்ற வேண்டாம், நாற்காலியில் வைத்து இரண்டு பேர் தூக்குவதை ஒரு முறை ஒத்திகை பார்த்து வையுங்கள்.

மருமகள் வேலைக்குப் போகும் பகல் நேரத்துக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வருகிறவரிடம் இந்தச் சிவப்பு டேப் வழக்கத்தையே தொடரச் சொல்லுங்கள். ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு சொல் என்று மாறினால் அந்த அம்மாவுக்கு எதுவும் பதியாது.

கேள்வி கேட்டவர்: கோத்தகிரி பிசியோ

சரி. இந்த வாரம் வலப்புறம் திரும்பிப் பார்க்கும் சோதனையும் பெர்கேகோ இரட்டை மதிப்பெண்ணும் எடுத்துவிட்டு இங்கேயே பதிகிறேன். பைப் வேலைக்குத் தோட்ட நிர்வாகத்திடம் அளவோடு எழுதிக் கொடுக்கிறேன்: ஒன்றேகால் அங்குலம், இரு பக்கமும்.